டவுன்டன் அபி திரைப்படம்: பார்க்கும் முன் எழும் கேள்விகள்

2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஐடிவி சேனலில் தொடங்கி 2015 கிறிஸ்துமஸ் நாளில் முடிந்த தொடர் 'டவுன்டன் அபி'. ஜூலியன் ஃபெல்லோஸ் எழுதியது. யார்க்‌ஷர் பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு மாளிகை, அதன் மேல்தளத்தில் கிராலி குடும்பம், கீழ்த்தளத்தில் அந்தக் குடும்பத்தின் பணியாளர்கள். அதே எழுத்தாளர், பெரும்பாலும் அதே நடிகர்கள், இயக்கம் மைக்கேல் எங்க்லர் என 2019-இல் அது திரைப்படமானது. தொடரை இரண்டு முறை முழுதாகவும் படத்தை அதைவிடக் கூடுதலாகவும் பார்த்திருக்கிறேன். நண்பர்களிடம் இந்தப் படத்தைச் சொல்லும்போதெல்லாம் வரும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

தொடரைப் பார்க்காமல் நேராகப் படத்துக்குப் போகலாமா?

போகலாம், கதை புரியும். 1927-ஆம் ஆண்டு. ஐந்தாம் ஜார்ஜ் அரசரும் மேரி அரசியும் யார்க்‌ஷர் சுற்றுப்பயணத்தின்போது டவுன்டனில் ஓர் இரவு தங்கப்போவதாகக் கடிதம் வருகிறது. வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ள முன்கதை எதுவும் தேவையில்லை.

ஆனால் படம் தரும் நிறைவில் பாதி, பழகியவர்களை மறுபடி சந்திப்பதில்தான் இருக்கிறது. பட்லராக, அதாவது வீட்டுப் பணியாளர்களின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற கார்சன் தன் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். கிராலி குடும்பத்தின் மூத்த மகள் மேரி நேரில் வந்து, இந்த ஒரு முறை மட்டும் திரும்பி வரவேண்டும் என்று கேட்கிறாள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரணக் காட்சி. அவர் கை நடுங்கத் தொடங்கியதால்தான் அந்தப் பதவியை விட்டார் என்பதும், சிறு பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே மேரி மீது அவருக்கு இருந்த பாசமும் தெரிந்தவருக்குத் தொண்டை அடைக்கும். இரண்டு அனுபவமும் சரியானவைதான். எனக்கு இரண்டாவது கிடைத்ததில் சந்தோஷம்.

மொத்தம் 52 எபிசோட். அவ்வளவு நேரம் இல்லை. எதைப் பார்த்தால் போதும்?

முதல் சீசனின் முதல் எபிசோடை விடவே கூடாது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தி தந்தியாக வருகிறது. வாரிசாக இருந்தவர் அந்தக் கப்பலில் போய்விட்டார். பிரபுவுக்கு மூன்றும் பெண்கள். முன் தலைமுறை செய்துவைத்த சட்ட ஏற்பாட்டின்படி பட்டமும் நிலமும் பிரிக்க முடியாமல் பிணைக்கப்பட்டு ஆண் வாரிசுக்கே போயாக வேண்டும். முழுத் தொடரும் இந்த ஒரு முடிச்சிலிருந்து பிறக்கிறது.

அடுத்து, மூன்றாம் சீசனின் ஐந்தாம் எபிசோடும் அதே சீசனின் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடும். அந்த வீடு சந்தித்த இரண்டு பெரிய இழப்புகள் அவற்றில் இருக்கின்றன. கடைசியாக 2015 கிறிஸ்துமஸ் எபிசோட். படம் தொடங்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது சொல்லிவிடும். இந்த நான்கையும் பார்த்துவிட்டுப் போனால் படத்தில் யாரும் அந்நியராகத் தெரியமாட்டார்கள்.

குடும்பப் பெயர் கிராலி, ஆனால் எல்லோரும் 'கிரந்தம்' என்கிறார்களே?

முதல் தடவை பார்க்கும் எல்லோரும் குழம்பும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெயர் தெரிந்தால் பாதிக் கதை தெரிந்த மாதிரி.

கிராலி என்பது குடும்பப் பெயர். கிரந்தம் என்பது பட்டத்தின் பெயர். வீட்டின் தலைவர் ராபர்ட், கிரந்தத்தின் ஏர்ல். ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம். ஆகவே அவர் லார்டு கிரந்தம். அவருடைய மனைவி கோரா, லேடி கிரந்தம். ராபர்ட்டின் தாய் வயலட்டும் லேடி கிரந்தம்தான், அதனால் அவரைப் பிரித்துக் காட்ட 'டவேஜர்' என்ற அடைமொழி. கணவர் காலமாகிவிட்டதால் முந்தைய தலைமுறைச் சீமாட்டி என்று அதற்குப் பொருள். ஏர்லின் மகள்களுக்குப் பட்டம் சொந்தப் பெயரோடு சேரும்: லேடி மேரி, லேடி ஈடித். மேரியின் கணவர் ஹென்றி டால்பட்டுக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஆனாலும் மேரி, பிறப்பால் வந்த லேடியாகவே இருப்பாள்.

ஈடித்தின் கதைதான் சுவாரசியம். வீட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நடுப்பெண், தொடரின் முடிவில் ஒரு மார்க்வெஸ்ஸை மணக்கிறாள். மார்க்வெஸ் ஏர்லுக்கு மேல்படி. ஆக, படத்தில் அந்த வீட்டுக்குள் நுழையும்போது ஈடித் பெற்ற தாயைவிட வரிசையில் முந்தியவள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பணியாளர்களில் சிலரைக் குடும்பப் பெயராலும் சிலரைச் சொந்தப் பெயராலும் கூப்பிடுவது ஏன்?

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே மரியாதை முழுவதும் பெயரில்தான் வந்து உட்காரும். தமிழில் பேசி வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும், ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்லர், மேலே இருப்பவர்களுக்கு வெறும் கார்சன். கீழே இருப்பவர்களுக்கு மிஸ்டர் கார்சன். ஹவுஸ்கீப்பரும் சமையற்காரம்மாவும் திருமணம் ஆகாவிட்டாலும் 'மிஸஸ்'. அது பதவிக்கான மரியாதை. சீமாட்டியின் தனிப் பணிப்பெண்ணைக் குடும்பப் பெயரால் அழைப்பது முறை, அதனால்தான் கோராவின் பணிப்பெண் பாக்ஸ்டர். ஆனால் மேரியின் பணிப்பெண் ஆனா மட்டும் ஆனாவாகவே இருக்கிறாள். அவள் கணவர் பேட்ஸும் அதே வீட்டில் வேலை செய்வது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் இருக்கும் நெருக்கம் என்று நினைக்கிறேன்.

மேசையில் பரிமாறும் ஆண் பணியாளர்களான ஃபுட்மேன்களையும் சமையலறைப் பெண்களையும் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். ஆண்டி, டெய்சி. பதவி உயர உயரப் பெயர் மாறும். தொடரின் தொடக்கத்தில் ஃபுட்மேனாக 'தாமஸ்' என்று கூப்பிடப்பட்டவர், படத்தில் பட்லர் 'மிஸ்டர் பாரோ'. அந்தப் பெயர் மாற்றத்துக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பது தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படம் உண்மையில் எதைப் பற்றியது? அரசர் வருகையைப் பற்றித்தானா?

அரசர் வருகை ஒரு சாக்கு. படம் வேலையைப் பற்றியது. ஒரு வேலையைப் பல வருடம் கையால் செய்து செய்து அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவர்களிடம், "நாளைக்கு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்?

அரசரோடு அவருடைய ஆட்களும் வருகிறார்கள். அரசவைப் பட்லர் என்று யாராவது அழைத்தால் கோபித்துக்கொண்டு தன் பதவியின் முழுப் பெயரைச் சொல்லும் வில்சன், தனி ஹவுஸ்கீப்பர், பிரெஞ்சு சமையற்காரர், உடைகளுக்கு ஒருவர். சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை எல்லாம் தங்கள் பொறுப்பு என்கிறார்கள். டவுன்டனின் சமையற்காரம்மா மிஸஸ் பாட்மோர் தன் அடுப்புக்கு முன்னாலேயே வேண்டாதவராகிறார். கிராமத்துக் கடைக்காரர் பேக்வெல், அரசருக்குப் பரிமாறப்போவது தன் கடைச் சரக்கு என்று பெருமையில் பூரித்துப்போயிருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல மிஸஸ் பாட்மோருக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்டால் படத்தின் இதயம் அந்தக் கடை வாசலில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கீழ்த்தளம் ஒன்றுகூடித் திட்டம் தீட்டுகிறது, தலைமை தாங்குவது சாந்தமான ஆனா. அது எப்படி நடக்கிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பணியாளர்களின் கலகம், எஜமானர்களுக்கு இன்னும் நன்றாகச் சேவை செய்யும் உரிமைக்காக நடக்கும் கலகம். டெய்சி ஒருத்திதான் அரசராவது அரசியாவது என்று கேட்கிறாள், அவளையும் படம் ஒரு புன்னகையோடு கடந்துவிடுகிறது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுவேலையில் இருந்த பெண்கள் 12 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு கிராலி குடும்பம் வாய்க்கவில்லை. விடியுமுன் எழுந்து கணப்பு மூட்டி, மற்ற எல்லோரும் படுத்த பிறகு படுத்த வாழ்க்கை அது. ஃபெல்லோஸ் தன் பிரபுக்களை மிக நல்லவர்களாக எழுதுகிறார். படத்தை நேசித்துக்கொண்டே இதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

அரசர் இப்படித் தனியார் மாளிகைகளில் உண்மையிலேயே தங்கினாரா?

தங்கினார். 1912 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜும் மேரி அரசியும் தெற்கு யார்க்‌ஷரில் உள்ள வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மாளிகையில் தங்கி, சுரங்கத் தொழிலாளர் வாழும் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் தங்கியிருந்தபோதே பக்கத்தில் கேட்பி சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்து பலர் இறந்தார்கள், அரசரும் அரசியும் அந்த இடத்துக்கே போனார்கள். படத்தின் நடனக் காட்சிக்கு அதே வென்ட்வொர்த் வுட்ஹவுஸின் பெரிய கூடத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை இந்த விவரம் தெரிந்து பார்த்தபோது எனக்கு அது வேறு மாதிரி இருந்தது.

1927 டவுன்டன் வருகையும் அதில் நடக்கும் கொலை முயற்சியும் கற்பனை. அரசரின் மகள் இளவரசி மேரி நிஜமானவர். 1922-இல் லாசெல்ஸ் பிரபுவை மணந்தவர். படத்தில் அவருடைய மண வாழ்க்கை காட்டப்படும் விதத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுத்தாளரின் புனைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடு நிஜமா, செட்டா?

இரண்டும். மேல்தளமும் வெளிப்புறமும் ஹாம்ப்‌ஷரில் இருக்கும் ஹைக்ளியர் மாளிகை. கார்னர்வன் ஏர்ல் குடும்பத்துக்குச் சொந்தமானது, இன்றும் அவர்களுடையதுதான். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரிதான் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு இன்றைய தோற்றத்தைக் கொடுத்தவர். எகிப்திய மன்னர் துட்டன்காமுன் கல்லறையைத் தேடத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டருக்குப் பணம் கொடுத்தவர் இந்த வீட்டின் ஐந்தாம் ஏர்ல். சாப்பாட்டு அறைச் சுவரில் குதிரைமேல் இருக்கும் அரசர் படத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலாம் சார்லஸ், வான் டைக் வரைந்தது.

ஹைக்ளியரின் கீழ்த்தளம் நவீனமாக மாற்றப்பட்டுவிட்டதால் அங்கே படம் எடுக்க முடியாது. எனவே சமையலறை, பணியாளர் கூடம், படிக்கட்டு எல்லாம் ஸ்டூடியோவில் போட்ட செட். தொடருக்கு ஈலிங் ஸ்டூடியோ, படத்துக்கு ஷெப்பர்டன். ஒரு ஃபுட்மேன் சமையலறையில் ஆவி பறக்கும் தட்டை எடுக்கிறார், மாடி ஏறுகிறார், கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் வருகிறார். எடுத்தது ஓர் ஊரில், வைத்தது வேறோர் ஊரில், நடுவில் பல நாள் இடைவெளி. அந்தத் தட்டு தொடர்ச்சி பிசகாமல் வந்து சேர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலைத்துறைக்காரர்கள் மீது மரியாதை கூடுகிறது. மேலும் கீழுமாக ஒரே வீடு என்று நாம் நம்புவது அவர்கள் உழைப்பால்தான்.

கிராமம், ஆக்ஸ்ஃபோர்டுஷரின் பாம்ப்டன். அரசரின் அணிவகுப்பு நடப்பது வில்ட்ஷரின் லாக்காக் கிராமத்தில். யார்க் நகரத் தெருக்களாக வருவது டர்ஹம் பகுதியில் உள்ள பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகம்.

பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

கைகளை.

படம் ஒரு கடிதத்தின் பயணத்தோடு தொடங்குகிறது. பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து கிளம்பி, அஞ்சல் ரயிலில் பிரிக்கப்பட்டு, வண்டியில் ஏறி, மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை அதை இன்னொரு கையில் கொடுக்கிறது. தொடரின் முதல் எபிசோடில் டைட்டானிக் செய்தி வீட்டுக்கு வந்து சேர்வதும் இப்படித்தான். பதினைந்து கதை வருடங்களுக்குப் பிறகு அதே வீடு, அதே மாதிரி ஒரு காகிதம். அன்று சாவுச் செய்தி, இன்று விருந்துச் செய்தி. அந்த எதிரொலி கேட்டதும் தியேட்டரில் எனக்கு மெய்சிலிர்த்தது. ஜான் லன் இசையமைத்த அந்தப் பழைய மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்து, வீடு முழுசாகத் திரையில் தெரியும் இடத்தில் விரியும். முதல் ஐந்து நிமிடத்தைத் தவறவிடாமல் போய் உட்காருங்கள்.

அதன் பிறகு வெள்ளிச் சாமானைத் துடைக்கும் கைகள், மேசையில் கத்திக்கும் கரண்டிக்கும் இடைவெளி பார்க்கும் கைகள், கையுறை அணிந்து இடது பக்கமாகத் தட்டை நீட்டும் கைகள். விருந்தினர் அந்தத் தட்டிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை ஃபுட்மேன் குனிந்த முதுகோடு அசையாமல் நிற்க வேண்டும். இந்த நடைமுறைகளைச் சொல்லித்தருவதற்கென்றே அலஸ்டர் புரூஸ் என்ற வரலாற்று ஆலோசகர் தொடர் காலத்திலிருந்து படப்பிடிப்பில் இருந்தார். ஒருவர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்பது வரை அவர் பார்வைக்குத் தப்பவில்லை.

பாரோவின் கதை ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?

அன்றைய இங்கிலாந்தில் ஆண்கள் ஒருவரை ஒருவர் காதலிப்பது குற்றம். 1885-இல் கடுமையாக்கப்பட்ட சட்டம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தளர்த்த 1967 வரை ஆயிற்று, அப்போதும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, தனியிடத்தில் என்ற நிபந்தனைகளோடு. பாரோ தொடர் முழுக்க நஞ்சும் தனிமையுமாகத் திரிந்தவர். படத்தில் அரசரின் உடைப் பணியாளர் எல்லிஸோடு யார்க் நகரத்துக்குப் போகிறார். தன்னைப் போன்ற ஆண்கள் சேர்ந்து நடனமாடும் ஓர் இடத்தை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறார். பாரோவாக நடித்த ராபர்ட் ஜேம்ஸ்-காலியர் முகத்தில் அந்த ஒரு நிமிடம் வரும் வியப்பு, ஆறு சீசனிலும் நாம் பார்க்காதது. அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். பாரோ தப்புவது அரண்மனை அதிகாரம் கைகொடுத்ததால். அது வாய்க்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்காமல் என்னால் அந்தக் காட்சியைத் தாண்ட முடிந்ததில்லை.

டாம் பிரான்சனை எல்லோரும் ஏன் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்?

அவர் அயர்லாந்துக்காரர், குடியரசுவாதி, ஒரு காலத்தில் இந்த வீட்டின் கார் ஓட்டுநர். கடைசி மகள் சிபிலை மணந்தார், பிரசவத்தில் அவளை இழந்தார். 1922-இல் அயர்லாந்து தனி அரசான பிறகு ஐந்து வருடம்தான் ஆகியிருக்கிறது, காயம் இன்னும் ஆறவில்லை. அரசர் தங்கும் வீட்டில் இப்படி ஒரு மருமகன் இருந்தால் கண்காணிக்கத்தான் செய்வார்கள். கொள்கையையும் விடாமல், இந்தக் குடும்பத்தின் மீது வைத்த அன்பையும் விடாமல் நிற்பவர் அவர் ஒருவர்தான். படம் அவருக்குத் தாராளமாக இடம் கொடுத்திருப்பது நியாயம்.

இது நீட்டிய எபிசோட் என்கிறார்களே?

ஓரளவு சரி. சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களுக்கு ஆளுக்கொரு கதை. கொலை முயற்சி அவசர அவசரமாக வந்து போகிறது, அதை முழுக்க நீக்கியிருந்தாலும் இழப்பில்லை. பாய்லர் பழுதாகும் கிளைக்கதையும் அப்படித்தான். ஹென்றி கடைசியில்தான் வந்து சேர்கிறார்.

ஆனால் டிவியில் பார்த்த வீட்டைப் பெரிய திரையில் பார்ப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கூடத்தின் உயரம் முதல் முறையாக உறைத்தது எனக்கு. இவ்வளவு பெரிய இடத்தைத் தினமும் பெருக்கித் துடைத்தது யார் என்ற கேள்வியும் அப்போதுதான் வந்தது.

வயலட் பாட்டி வரும் காட்சிகளில் எதற்குக் காத்திருக்க வேண்டும்? *(கதை விவரம் உண்டு)*

மேகி ஸ்மித்தின் சொல்லம்புகளுக்காகத்தான் பலர் வருவார்கள், அவை கிடைக்கும். அரசியின் தோழியாக வரும் உறவுக்காரப் பெண் மோட் பேக்‌ஷாவோடு சொத்து விஷயமாக நடக்கும் மோதல் அருமை. மோட் ஆக நடித்த இமெல்டா ஸ்டான்டன், கார்சனாக நடிக்கும் ஜிம் கார்ட்டரின் மனைவி.

நான் காத்திருப்பது நடன விருந்தின் நடுவே பாட்டியும் மேரியும் தனியே உட்காரும் காட்சிக்கு. லண்டனில் மருத்துவர்களைப் பார்த்துவிட்டு வந்ததைப் பாட்டி சொல்கிறார். தனக்கு இனி நாள் அதிகமில்லை என்பதை அழாமல், குரல் உயராமல் சொல்கிறார். இந்த வீட்டை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று படம் முழுக்கத் தயங்கிக்கொண்டிருந்த மேரியிடம், அடுத்து நீதான் என்று பொறுப்பை ஒப்படைக்கிறார். பக்கத்து அறையில் இசை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பாத்திரத்துக்காக மூன்று எம்மி விருது வாங்கிய நடிகை, 2024 செப்டம்பர் 27 அன்று 89 வயதில் காலமானார். இப்போது அந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதல்ல.

சப்டைட்டில் வேண்டுமா?

போட்டுக்கொள்ளுங்கள். மேல்தளத்து ஆங்கிலம் மெல்லிய குரலில் வேகமாகப் போகும், கீழ்த்தளத்தில் வடக்கு இங்கிலாந்து வட்டார வழக்கு. பாட்டியின் வசனம் ஒன்று தவறினாலும் வருத்தமாக இருக்கும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். ரத்தமோ ஆபாசமோ இல்லை. பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அலுப்புத் தட்டும்.

அடுத்த படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வந்த வரிசையிலேயே. 2022-இல் வந்த இரண்டாவது படம் 1928-இல் நடக்கிறது. டவுன்டனில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கிறது, மௌனப்படம் பேசும்படமாக மாறும் சமயம் அது. வீட்டில் பாதிப்பேர் பிரான்ஸின் தெற்குக் கரையில் ஒரு மாளிகைக்குப் போகிறார்கள். 2025-இல் வந்த மூன்றாவது படம் 1930-இல் நடக்கிறது, அதோடு கதை முடிகிறது. இரண்டையும் இயக்கியவர் சைமன் கர்ட்டிஸ்.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். முதல் படத்தின் கடைசியில் கார்சனும் அவர் மனைவியான ஹவுஸ்கீப்பர் மிஸஸ் ஹியூஸும் வேலை முடிந்து இரவில் வீட்டுக்கு நடந்து போவார்கள். போகிற வழியில் திரும்பி நின்று விளக்கெரியும் மாளிகையைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த படத்தை இன்னொரு நாள் போடுங்கள்.